தெற்குக்கு மட்டும் ஏன் ஒரு நாள்? மீத்திறன் கொண்ட சிறுமி ஒருத்திக்கு மழலையர் பள்ளி தேடிய நிகழ்வின் ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்குரிய சிறுமி திருச்சிராப்பள்ளி ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் ஒரே குழந்தை. தந்தை பொன்மலை ரயில்வே பணிமனையில் பணியாற்றுகிறார். தாய் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறார். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தாயைப் பெற்ற பாட்டி. வீட்டில் அவரை அம்மாயி என்று அழைக்கிறார்கள். குடும்பத்தின் விருப்பப்படி ஆட்களின் பெயர்களையும் பள்ளிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். சிறுமியை வீட்டில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

மழலையர் வகுப்புகளில் பதினான்கு ஆண்டுகள் கற்பித்துவிட்டு, இப்போது பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் பணியில் இருக்கிறேன். பாப்பாவை என்னிடம் அழைத்துவந்தபோது அவளுக்கு மூன்று வயது ஏழு மாதம். அதற்குள் ஒரு பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பில் ஏழு வாரம் படித்து, அங்கே போகவே மாட்டேன் என்று வாசல் கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் நிலைக்கு வந்திருந்தாள். ஆகவே இது, சரியான பள்ளியை முதலிலேயே தேர்ந்தெடுத்த கதை இல்லை. இரண்டு முறை தவறிய பிறகு மூன்றாவதாக ஓர் இடம் கிடைத்த கதை. அந்த இரண்டில் ஒரு தவறு என்னுடையது.

வாசிப்பு வந்த வழி

பாப்பாவுக்கு யாரும் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் காலையில் நாள்காட்டியின் தாளைக் கிழித்து, அன்றைய நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பது அம்மாயியின் வழக்கம். இடுப்பில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, இரண்டே கால் வயதில் தேதி எண்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். இரண்டரை வயது தாண்டியதும் ஒன்றாம் எண் பேருந்தின் பலகையைப் பார்த்து ‘சத்திரம்’ என்று படித்திருக்கிறாள். பேருந்து எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். மருந்துக்கடையில் தெரியாத ஒரு பெயர்ப்பலகையைத் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டிய அன்றுதான் தாய்க்கு உறைத்தது.

வாசிப்பைவிட என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. முதல் சந்திப்பில், என் மேசை மேல் இருந்த நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் பாப்பா கேட்டாள்: “வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் மேற்கு. திங்களுக்கும் சனிக்கும் கிழக்கு. செவ்வாய்க்கும் புதனுக்கும் வடக்கு. தெற்குக்கு மட்டும் ஏன் ஒரு நாள்?” அவள் கேட்டது சூலத்தைப் பற்றி, அதாவது அந்தந்தக் கிழமையில் பயணம் போகக் கூடாது என்று நாள்காட்டி சொல்லும் திசையைப் பற்றி. வியாழக்கிழமைக்கு மட்டுமே தெற்கு என்பதும் மற்றத் திசைகளுக்கு இரண்டிரண்டு நாள் என்பதும் நாற்பது ஆண்டுகளாக அந்தத் தாளைக் கிழித்துவரும் எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. ஏழு நாளை நான்கு திசைக்குப் பங்கிட்டால் ஒரு திசைக்குக் குறையத்தான் செய்யும் என்பது கணக்கு. மூன்றரை வயதுக் குழந்தை அந்தக் குறையைக் கண்டுபிடித்து, அது சரியில்லையே என்று முறையிடுகிறது. இப்படிப்பட்ட கேள்வி ஒன்று பள்ளியில் என்ன பாடுபடுகிறது என்பதைப் பொறுத்தே இந்த நிகழ்வின் பிற்பகுதி முழுவதும் அமைந்தது.

முதல் தேர்வு

சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் மூன்று இடங்களைப் பார்த்திருந்தார்கள். பார்த்தது என்றால், அலுவலக அறையில் அமர்ந்து கட்டண அட்டையை வாங்கிவந்தது. தந்தைக்கு இருந்த கவலை பாடத்திட்டம் மட்டுமே. பெரிய பள்ளி ஒன்றில் ‘கலந்துரையாடல்’ என்ற பெயரில் குழந்தையை அழைத்து, அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பாப்பா மேட்டூர் அணையின் நீர்மட்டம் பற்றிய தலைப்பைப் படித்தவுடன் ஒருங்கிணைப்பாளர் எழுந்து போய் இன்னும் இருவரை அழைத்துவந்து மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறார். முடிவில், “இவளுக்கு எல்.கே.ஜி. வேஸ்ட் சார், நேரா யு.கே.ஜி.யில போட்டுடலாம்” என்றாராம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) சேர்க்கையில் குழந்தையைச் சோதித்து வடிகட்டுவதைத் தடுக்கிறது; ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதால், அதன் நிழல் மூன்று வயதுக் குழந்தைமீது முழுமையாக விழுவதில்லை. பள்ளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அன்றிரவு தந்தை உறவினர்கள் எல்லாருக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னார். ‘இன்னொரு ராமானுஜன்’ என்று ஒரு சித்தப்பா சொன்ன சொல் வீட்டில் நிலைத்துவிட்டது. ராமானுஜனைச் சிறு வயதில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு அனுப்பிய காலத்தில் அங்குள்ள பள்ளிக்குப் போக மறுத்ததும், அவரைப் பள்ளிக்குப் போகவைக்க வீட்டார் ஒரு காவலரின் உதவியை நாடியதும், ஆறு மாதத்துக்குள் அவர் கும்பகோணத்துக்கே திரும்பியதும் அவருடைய வரலாற்றில் இருக்கின்றன. அந்தப் பகுதியை உறவினர்கள் யாரும் நினைவுகூரவில்லை.

ஜூன் மாதம் பாப்பா யு.கே.ஜி.யில் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது ஐந்து மாதம். உடன் படித்தவர்களில் சிலர் அவளைவிட அரையாண்டு மூத்தவர்கள். பலர் ஓராண்டுக்கும் மேல் மூத்தவர்கள். அந்த வகுப்பில் நாற்பது பேருக்கு ஓர் ஆசிரியரும் ஓர் ஆயாவும். நாளுக்கு இரண்டு பக்கம் நான்கு கோடு நோட்டில் எழுதவேண்டும். பாப்பாவால் எதையும் படிக்க முடியும். ஆனால் பென்சிலை ஐந்து விரலாலும் முட்டியாக மூடிப் பிடிப்பவள் அவள். ஒரு வரி முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தை முடித்துவிடுவார்கள். மூன்றாவது வாரத்தில் வகுப்பிலேயே சிறுநீர் கழித்தாள், கேட்கப் பயந்திருக்கிறாள். ஐந்தாவது வாரத்திலிருந்து காலையில் சாப்பிட்ட இட்லியை வாந்தி எடுத்தாள். பள்ளி நாட்குறிப்பில் ஆசிரியர் எழுதியிருந்த குறிப்பைத் தாய் என்னிடம் காட்டினார்: எழுத்து வேகம் போதாது, வீட்டில் பயிற்சி தரவும்.

மதிப்பீடு

என்னிடம் வந்த பிறகு நான்கு அமர்வுகளில் பாப்பாவைக் கவனித்தேன். சீக்கிரம் படிக்கத் தொடங்கும் எல்லாக் குழந்தையும் மீத்திறன் உடையது என்று சொல்லிவிட முடியாது. பொருள் புரியாமலே எழுத்தை ஒலியாக மாற்றிவிடும் குழந்தைகள் உண்டு. 1967இல் ‘ஹைப்பர்லெக்சியா’ என்று பெயரிடப்பட்ட இந்த நிலை சில சமயம் ஆட்டிசத்துடன் சேர்ந்து வருவது. ஆகவே, பேசாமல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினேன். ‘நாற்காலியில் இருக்கும் நீலப் பந்தை அம்மாவிடம் கொடு’ என்று எழுதியிருந்தேன். படித்தாள், எழுந்து போனாள், கொடுத்தாள். அடுத்த சீட்டில் ‘வாழைப்பழத்தின் காதைக் காட்டு’ என்று இருந்தது. ஒரு கணம் பழத்தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “வாழைப்பழத்துக்கு ஏது காது?” என்றாள். கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதிலும், கரண்டியைத் தொலைபேசியாக்கி விளையாடுவதிலும், தான் கண்டதைப் பிறருக்குச் சுட்டிக்காட்டுவதிலும் எந்தக் குறையும் இல்லை. அந்த ஐயம் அத்துடன் நீங்கியது.

மறுபக்கத்தையும் குறித்துக்கொண்டேன். சட்டைப் பித்தானைப் போடத் தெரியாது. கத்தரிக்கோலைப் பிடிக்க வராது. அம்மாயி இட்லியைப் பிட்டுக் கொடுத்துவிட்டார் என்பதற்காக, முழு இட்லிதான் வேண்டும் என்று இருபது நிமிடம் தரையில் புரண்டாள். பிட்ட இட்லியை ஒட்டவைக்கச் சொன்னாள். அறிவு ஏழு வயதுக்கும், கை மூன்று வயதுக்கும், கோபம் இரண்டரை வயதுக்கும் உரியதாக ஒரே உடம்பில் இருப்பதுதான் இத்தகைய குழந்தைகளின் இயல்பு. 1991இல் அமெரிக்காவில் கொலம்பஸ் குழு என்ற பெயரில் கூடிய பெற்றோரும் வல்லுநர்களும் மீத்திறனையே இந்தச் சீரற்ற வளர்ச்சியை வைத்துத்தான் வரையறுத்தார்கள். எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்விக்கு இந்தக் குழந்தையின் எந்த வயதைக் கணக்கில் எடுப்பது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பள்ளி அவளுடைய கண்ணின் வயதை மட்டும் எடுத்துக்கொண்டு, கையையும் சிறுநீர்ப்பையையும் அதன் பின்னால் ஓடிவரச் சொன்னது.

நுண்ணறிவுத் தேர்வு எடுக்கலாமா என்று தந்தை கேட்டார். வேண்டாம் என்றேன். சராசரி 100 என்றும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவும் அளவு) 15 என்றும் அமைந்த அளவுகோல்களில் 130க்கு மேல் பெறுவோர் ஏறக்குறைய ஐம்பதில் ஒருவர் என்பது கணக்கு. ஆனால் மூன்று வயதில் எடுத்த மதிப்பெண் ஏழு வயதில் அப்படியே நிற்பதில்லை. அன்று தூக்கம் குறைந்திருந்தாலே எண் இறங்கிவிடும். இந்தியக் குழந்தைகளுக்கென்று நம்மூரில் பரவலாகப் பயன்படும் மாலின் அளவுகோல் 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. இவை எல்லாவற்றையும்விட, அந்த எண் வந்தால் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லப்படும் என்பதே நான் மறுத்ததற்குப் பெரிய காரணம்.

தந்தையின் கணக்கில் இன்னொன்று விடுபட்டிருந்தது. பாப்பா பிறந்தது ஜனவரியில். இப்படியே வகுப்பேறிப் போனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று அவளுக்குப் பதினாறு வயது பதினோரு மாதம்தான் ஆகியிருக்கும். நீட் தேர்வுக்கு அந்தத் தேதியில் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை டாக்டராவாளா என்பதை மூன்று வயதில் பேசுவதே அபத்தம் என்பது என் எண்ணம். ஆனாலும், ஓராண்டு முந்த வேண்டும் என்று துடித்தவர், முந்திய ஓராண்டை மறுபடி வாசலில் உட்கார்ந்து கழிக்க நேரிடலாம் என்று அறிந்தபோது சற்று அமைதியானார்.

என் தவறு

நான் சொன்ன முதல் ஆலோசனை எளிமையானது: அதே பள்ளியில் எல்.கே.ஜி.க்கு மாற்றிவிடுங்கள், வயதுக்கேற்ற பிள்ளைகளுடன் இருக்கட்டும். பள்ளியும் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டது. கட்டணத்தில் இருந்த வித்தியாசத்தைத் திருப்பித் தரவில்லை.

வாந்தி நின்றது. வேனில் ஏறும்போது அழுகை இல்லை. எல்.கே.ஜி. ஆசிரியர் ‘நல்ல அமைதியான குழந்தை’ என்று நாட்குறிப்பில் எழுதினார். செப்டம்பரில் தாய் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, பழகிக்கொண்டாள் என்று என் கோப்பில் பதிந்துவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

தீபாவளி விடுமுறையில் அம்மாயிதான் கண்டுபிடித்தார். நாள்காட்டித் தாளைக் கிழித்து நீட்டினால் பாப்பா, “எனக்குப் படிக்கத் தெரியாது” என்றாளாம். விளையாட்டு என்று நினைத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி கேட்டபோதும் அதே பதில். தாய் என்னிடம் அழைத்துவந்தார். நான் வாழைப்பழச் சீட்டு போன்ற ஒன்றை நீட்டினேன். கண் ஒரு வரியில் ஓடியதைப் பார்த்தேன். உதட்டோரம் சிரிப்பு வந்து மறைந்ததையும் பார்த்தேன். சீட்டைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, “தெரியல” என்றாள்.

நான் அனுமதி பெற்று அந்த வகுப்பில் ஒரு முற்பகல் பின்வரிசையில் அமர்ந்தேன். அன்று ‘ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்’ முடிந்து சாய்கோடு நடந்துகொண்டிருந்தது. பிறகு ஆசிரியர் அட்டையை உயர்த்திக் காட்ட, முப்பத்தைந்து குரல்கள் “அ-அம்மா, ஆ-ஆடு” என்று கூவின. பாப்பாவும் அதே ராகத்தில், அதே உரப்பில் கூவினாள். அட்டையில் இருந்த படத்தை ஒரு விநாடி முன்பே பார்த்துவிட்டு, மற்றவர்கள் தொடங்கும்வரை காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து வாயைத் திறந்தாள். மூன்று வயதில் இத்தனை கச்சிதமான நடிப்பை நான் பார்த்ததில்லை. அந்த ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முப்பத்தைந்து மூக்குகளைத் துடைப்பவர் அவர். பின்னர் தாய் மெல்லக் கேட்டறிந்தது: பாப்பா ஒரு முறை சுவரொட்டியைப் படித்தபோது, “நீ சும்மா இரு, மத்தவங்க சொல்லட்டும்” என்று அவர் சொல்லியிருக்கிறார். சாதாரணமாகச் சொன்ன சொல்தான். அதைப் பாப்பா ஒரு விதியாகவே எடுத்துக்கொண்டாள்.

மீத்திறன் குழந்தைகளைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கில் ஆராய்ந்த லீட்டா ஹாலிங்வொர்த், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 140 உள்ள பிள்ளை சாதாரண வகுப்பில் பாதி நேரத்தை வீணாக்குகிறது என்றும், 170க்கு மேல் உள்ள பிள்ளை ஏறக்குறைய முழு நேரத்தையும் வீணாக்குகிறது என்றும் எழுதினார். வீணாகும் நேரத்தில் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதைப் பாப்பாவின் முகத்தில் பார்த்தேன்: தெரிந்ததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. யு.கே.ஜி.யில் அவள் பட்ட துன்பம் வாந்தியாக வெளியே வந்தது, எல்லாரும் பார்த்தார்கள். எல்.கே.ஜி.யில் பட்டது வெளியே தெரியவே இல்லை, நானும் குணமாகிவிட்டது என்று எழுதிவைத்தேன். ஆலோசகராக என் கோப்பில் நான் திருத்திய முதல் சொல் ‘பழகிக்கொண்டாள்’ என்பதுதான்.

மறுபடி தேடல்

நவம்பரில் தாயும் நானும் நான்கு இடங்களுக்குப் போனோம். இம்முறை அலுவலக அறையில் அமர்வதில்லை என்று முன்பே முடிவு செய்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணிவரை வகுப்பறையின் பின்னால் தரையில் உட்கார அனுமதி கேட்டோம். அனுமதி மறுத்த வேறு இரண்டு பள்ளிகள் அத்துடன் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. கொடுத்த வேலையை முன்னதாக முடித்த குழந்தையை என்ன செய்கிறார்கள், ஒரு குழந்தை இரண்டாவது முறை ‘ஏன்’ என்று கேட்கும்போது பெரியவரின் முகம் எப்படி மாறுகிறது என்ற இரண்டை மட்டும் கவனிக்கும்படி தாயிடம் சொன்னேன். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றேன். கடைசி அரைமணி நேரத்துக்குப் பாப்பாவையும் அம்மாயி அழைத்துவருவார்.

முதலாவது, தொடர் நிறுவனம் ஒன்றின் கிளையான விளையாட்டுப் பள்ளி. குளிரூட்டிய அறை, பன்னிரண்டு குழந்தைகள், கனிவான இரண்டு இளம்பெண்கள். அன்று ‘மஞ்சள் நாள்’, எல்லாமே மஞ்சள். பாப்பா அங்கிருந்த ஒருவரிடம் தன் வியாழக்கிழமைக் கேள்வியைக் கேட்டாள், எங்களிடம் படிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே பாப்பா. “சோ க்யூட்!” என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார் அந்தப் பெண். பாப்பா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது இடத்தின் பலகையில் ‘மாண்டிசோரி’ என்று பெரிதாக எழுதியிருந்தது. குழந்தை தானே பொருள்களைக் கையாண்டு கற்கும் முறை அது. அந்தப் பெயரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பத்துக் கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரம் அங்கே கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி தாளாளரிடம் இருந்தது. குழந்தைகள் நான்கு கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணிக்கே எழுந்துவந்துவிட்டோம்.

மூன்றாவது, அம்மாயி வற்புறுத்திக் காட்டிய தெருவோர அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு காந்தி பிறந்தநாளில் தொடங்கியதிலிருந்து இந்த மையங்கள்தான் நாட்டின் ஏராளமான குழந்தைகளுக்கு முதல் பள்ளி. தமிழ்நாட்டில் 2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைச் சோதனை முறையில் தொடங்கினார்கள். தாய் சங்கடத்துடன்தான் உள்ளே வந்தார். அங்கன்வாடிப் பணியாளர் நரியும் நண்டும் வரும் ஒரு கதையைச் சொன்னார்; நான் இதுவரை எந்த மழலையர் வகுப்பிலும் கேட்டிராத தரத்தில் சொன்னார். நடுவே நிறுத்தி, “இப்ப நண்டு என்ன பண்ணியிருக்கும்?” என்று கேட்க, ஆறேழு குழந்தைகள் ஆறேழு விதமாகச் சொல்ல, ஒவ்வொன்றையும் கதையில் சேர்த்துக்கொண்டார். பாப்பா தன் முறை வந்தபோது, நண்டு பக்கவாட்டில்தான் ஓடும் என்பதால் நரியால் அதன் முகத்தைப் பார்க்கவே முடியாது என்றாள். “அட, ஆமாம்ல!” என்று அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். ஆனால் கதை முடிந்ததும் எடை பார்க்கும் வேலை தொடங்கியது, பிறகு கைப்பேசியில் விவரம் ஏற்றும் வேலை, பிறகு சாப்பாடு. “நீங்க கூட்டிட்டு வாங்கம்மா, நான் சந்தோசமா பாத்துக்குவேன். ஆனா எனக்கு ரெஜிஸ்டர் எழுதவே நேரம் பத்தலை, பொய் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். அவருக்கு இன்னொரு பணியாளரைத் துணைக்குக் கொடுத்திருந்தால் நான் இந்த ஆய்வை இந்த இடத்தில் முடித்திருப்பேன்.

நான்காவது இடம் வீடு ஒன்றில் நடக்கும் சிறிய பள்ளி, பலகைகூட இல்லை. மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சி அளித்தார் என்பதால் அவருடைய முறை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. இங்கே இருந்த மூத்த ஆசிரியர் அந்த வழியில் முறையாகப் பயின்றவர். மூன்று முதல் ஆறு வயதுவரை இருபத்திரண்டு குழந்தைகள் ஒரே கூடத்தில் இருந்தார்கள். இருவர் தண்ணீர் ஊற்றிப் பழகினார்கள், ஒருவன் பாயைச் சுருட்டினான், ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் பத்து, நூறு, ஆயிரம் எனக் கோத்த பொன்மணிகளால் ஆயிரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரத்தில் யாரும் மணி அடிக்கவில்லை.

பாப்பா வந்ததும் அதே கேள்வியை அங்கும் கேட்டாள். ஆசிரியர் சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. “எனக்குத் தெரியலையே, வா, வச்சுப் பாப்போம்” என்று நான்கு கிண்ணங்களையும் ஏழு மணிகளையும் எடுத்துவந்து பாயில் வைத்தார். பாப்பா ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு மணி போட்டாள். மறு சுற்றில் மூன்று கிண்ணத்துக்குப் போட்டதும் கை வெறுமையானது. நான்காவது கிண்ணத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு கிழமை இருந்தாச் சரியாப் போயிருக்கும்” என்றாள். “என்ன பேர் வைக்கலாம்?” என்று கேட்டார் ஆசிரியர். அந்தப் பேச்சு பதினைந்து நிமிடம் ஓடியது. வெளியே வரும்போது தாய் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சேர்ந்த பிறகு

பொங்கல் முடிந்து பாப்பா அங்கே சேர்ந்தாள். அவளுக்கு இந்த இடம் பொருந்தியதற்கு முறையின் பெயரைவிடக் கலந்த வயதே காரணம் என்று நினைக்கிறேன். படிப்பதில் ஐந்து வயதுக்காரர்களுடனும், பித்தான் போடுவதில் மூன்று வயதுக்காரர்களுடனும், அழுவதில் தனியாகவும் அவளால் இருக்க முடிகிறது. எதற்காகவும் வகுப்பு மாறவேண்டியதில்லை. பொன்மணிச் சிறுவனும் அவளும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அவனுக்குப் படிக்க வராத சொல்லை அவள் படித்துச் சொல்வாள். அவளுக்கு நாடாவை அவன் முடிந்துவிடுவான். ஆறாவது வாரத்தில் ஒரு காலை, யாரும் கேட்காமலே நாள்காட்டித் தாளைக் கிழித்து அம்மாயிக்கு ராகு காலத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இளைய ஆசிரியர் ஒருவர், வரிசைப்படி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி முடித்த பிறகுதான் புத்தக அலமாரிக்குப் போகலாம் என்று பாப்பாவைப் பத்து நாள் நிறுத்திவைத்தார். அறிவுள்ள ஒரு முறையை மந்திரமாக ஓதினால் அது நான்கு கோடு நோட்டைவிட மேலானதாக இருக்காது. மூத்த ஆசிரியரிடம் பேசினோம். எழுத்தைத் தடவுவது கைக்கு வேண்டிய பயிற்சி, அதை வாசிப்புக்கு நிபந்தனையாக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. கை உண்மையில் இன்றும் பின்தங்கித்தான் இருக்கிறது. பென்சில் பிடி ஆகஸ்டில்தான் சீரானது. அங்கே தமிழ்ப் புத்தகங்கள் மிகக் குறைவு என்பது மற்றொரு குறை. தமிழில் இத்தனை சரளமாகப் படிக்கும் குழந்தைக்கு அலமாரி முழுவதும் ஆங்கிலம். அம்மாயி வாரம் ஒரு முறை கிளை நூலகத்துக்கு அழைத்துப்போகிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கன்வாடிப் பணியாளர் தம் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பாப்பாவும் போய் அமர்கிறாள். இந்த இரண்டும் பள்ளிக் கட்டணத்தில் வராதவை.

இட்லிக்காக இன்னும் அழுகிறாள். அழுகையின் நீளம் குறைந்திருக்கிறது.

நிலுவையில் இருப்பது

இதை எழுதும்போது பாப்பாவுக்கு நான்கு வயது பத்து மாதம். அந்த வீட்டுப் பள்ளி ஆறு வயதுவரைதான். தமிழ்நாட்டில் வழக்கமாக ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது. ஆகவே வரும் ஜூனில் முதல் வகுப்புக்கு அனுப்புவதா, இன்னோர் ஆண்டு இங்கேயே விடுவதா என்பதைக் குடும்பம் முடிவு செய்யவேண்டும். பொன்மணிச் சிறுவன் ஏற்கெனவே போய்விட்டான் என்பதும், இப்போது கூடத்தில் பாப்பாவே மூத்தவர்களில் ஒருத்தி என்பதும் என்னை யோசிக்கவைக்கின்றன. கலந்த வயதின் பயன் மேலே பார்க்க ஆள் இருக்கும்வரைதான். இந்தியாவில் மீத்திறன் மாணவர்களுக்கென்றே 1962இல் புணேயில் தொடங்கிய ஞானப் பிரபோதினி போன்ற அமைப்புகள் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. திருச்சியில் ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படி ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. சாதாரண முதல் வகுப்புகளில் ஒன்றைத்தான் தேடவேண்டியிருக்கும்.

சென்ற வாரம் தந்தை மூன்று பள்ளிகளின் விண்ணப்பப் படிவங்களுடன் வந்தார். எதையும் நிரப்புவதற்கு முன், மூன்று பள்ளியிலும் முதல் வகுப்பின் பின்வரிசையில் ஒவ்வொரு முற்பகல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்றேன். “மேடம், அதுக்கு விட மாட்டாங்களே” என்றார். விடாத பள்ளியின் படிவத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். பணிமனையில் மூன்று அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலாவது வரும் வியாழக்கிழமை.